ஒப்பிட வைத்த ரத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்றும் அதே கதை. தங்கப் பூச்சுள்ள சின்னத் தகடு, அதுதான் என் சென்சார். அதன்மேல், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. பல அதிர்வெண்களில் மின்சாரம் செலுத்துகிறேன். புரதம் ஒட்ட ஒட்டத் தடை கூடும். திரையில் அரைவட்டம் பெரிதாகும். நோயாளிக்குப் பெரியது, நல்ல ஆளுக்குச் சின்னது. இவ்வளவுதான் நான் காட்ட வேண்டியது. இரண்டும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. நாலு வருஷ ஆராய்ச்சியும் தண்டமா?

ஜூன் 12, வியாழன்

கைடு ஜெயபாரதி மேடம் கூப்பிட்டார். "கண்ட புரதமெல்லாம் ஒட்டிக்குதும்மா. உன் சென்சாருக்கு ஆள் அடையாளமே தெரியல. இந்த மாசத்தோட மூடிட்டு வேற தலைப்பு பாரு."

தலையாட்டினேன். அடையாறு டெப்போவில் நின்று அழுதேன். பஸ் வந்தது, ஏறவில்லை. வெட்கங்கெட்ட அழுகை.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம்: யாருடைய சென்சாரோ, அவருடைய ரத்தம்தான் 'நல்ல ரத்தம்'. அடுத்தவர் கையில் ஊசி குத்தக் கூச்சம். ஆரம்பத்திலிருந்து நோயாளிகளுடையதை என் ரத்தத்தோடுதான் ஒப்பிடுகிறேன். எடுத்து வைத்திருந்தது இன்று தீர்ந்துவிட்டது. பக்கத்து மேசை ஃபராஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக்கையை மடித்தான்.

"உங்கிட்ட இன்னும் எடுத்தா ஆம்புலன்ஸ்தான் கூப்புடணும். மூடப்போற கடைதான, என்னுத எடுத்துக்கோ."

அவன் ரத்தத்துக்குச் சின்ன அரைவட்டம்! மறுபடி ஓட்டினேன். சின்னதுதான். ஐயோ, வேலை செய்யுது! வேலை செய்யுது!

ஜூன் 18, புதன்

ஜூனியர் நிஷாவிடமும் எடுத்தேன். சின்னது. நோயாளிகள் எல்லாருக்கும் பெரியது.

என்னுடையது — புதிதாக எடுத்ததுதான் — பெரியது.

ஃபராஸ் தானே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். "சந்திரிகா, வெளிய ஒரு டாக்டர்ட்ட காட்டிடு" என்றான் கடைசியில்.

சென்சார் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் திட்டித் திட்டித் தகடுகளைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 21, சனி

மயிலாப்பூரில் டாக்டரைப் பார்த்தேன். இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் போய்விட்டதாம். திரும்பி வராதாம்.

"இவ்ளோ நாள் எப்படிம்மா தெரியாம இருந்தே? என்ன வேல பாக்குற?"

பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

ஜூன் 23, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "சென்சார் வேலை செய்யுதும்மா" என்றேன். மீதியைச் சொல்வதற்குள் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். அது வேலை செய்ய வேண்டும் என்று வடபழனி முருகனிடம் வேண்டியிருந்தாளாம்.

"கேட்டதக் குடுத்துட்டான் பாத்தியாடி! தள்ளிப் போடக் கூடாது, நாளைக்கே போயி வேண்டுதலச் செலுத்திடணும்."

நாளை காலை போகிறோம். பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொல்கிறாள்.