உண்டியலில் கிடந்த நாலு காசு

1936, ஆடி 12. தென்காசி.

மத்தியானம் குற்றாலம் கோயில் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். உண்டியலில் கிடந்ததாம். துணியில் முடிந்த நாலு காசைக் கொடுத்தார். எகிப்து, சயாம், ஜப்பான், இத்தாலி. கப்பல் வேலையில் போன ஊர்களில் நான் சேர்த்தவை. என் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனவை.

“நீங்க கப்பலுக்குக் கெளம்புன மறுநாளு மதினி வருவாக, அண்ணாச்சி. எந்தத் தேசத்துக்குப் போறியளோ அந்தத் தேசத்துக் காசப் போடுவாக. நம்ம காசு அங்கன செல்லாதாம்லா, பொறவு சாமி எப்படித் தொணைக்குப் போகும்னு கேட்டாக.”

காசைத் தொலைத்தாள் என்று என் மனைவியை நான் பேசாத பேச்சில்லை. அவள் வாயே திறக்கவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று இருந்திருப்பாள். நான் கேட்ட விதமும் அப்படித்தான். போன பயணத்துக்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு போனேன்.

அந்தத் தடவையும் வந்தாளா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வந்தாக. உண்டியல் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாக. கையில ஒண்ணுமில்ல. கும்பிட்டுட்டுப் போயிட்டாக.”

நான் ஒரு குறையுமில்லாமல் கொழும்பில் வந்து இறங்கினேன். அங்கேதான் தந்தி காத்திருந்தது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

இப்போது பெட்டியைத் திறந்து எல்லாக் காசையும் பாயில் கொட்டி வைத்திருக்கிறேன். இருபத்தேழு தேசத்துக் காசு இருக்கிறது. அவள் போயிருக்கும் ஊர்க் காசு இதில் இல்லை.