மாற்றிப் படித்த பக்கங்கள்

4 ஜனவரி 2025, சனி

இந்த ஆண்டும் பட்டியல் சொல்லியே தீருவாராம். ஆண்டின் சிறந்த ஐந்து நாவல்கள். வாசகர் வட்டத்தில் பதினொரு வருடமாக டிசம்பர் தோறும் என் வீட்டுக்காரர் சேது எழுந்து நின்று சொல்வது. போன நவம்பரோடு இரண்டு கண்ணும் போய்விட்டன. சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு கண்ணை.

"நீ படி, நான் கேக்குறேன். பட்டியல் மட்டும் என்னோடது" என்கிறார்.

நானா? பள்ளிக்கூடம் முடித்தபின் நான் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் தொழிற்சாலை நோட்டீசும்தான். ஆனால் மனிதர் பிடித்தால் பிடித்ததுதான். புக்கிட் செந்தோசாவில் ரத்தம் கழுவும் நிலையத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

8 பிப்ரவரி

முதல் நாவல் முடிந்தது. கடைசியில் அப்பா செத்துப்போகிறார். கடைசி வரியை நான் இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று. சேது, "நல்லா எழுதியிருக்கான் லா" என்கிறார், குழம்பு நன்றாக இருக்கிறது என்பதைப்போல. ஊசியை எடுக்க வந்த தாதி, மிஸ்ஸி ரூபினி, "ஆன்ட்டி, அடுத்த தடவ சிரிக்கிற கதையா கொண்டு வாங்க" என்றாள்.

15 மார்ச்

பக்கத்துப் படுக்கையில் புது ஆள். அங்கே படுத்திருந்த நல்லசாமி அண்ணன் வியாழக்கிழமையே செத்துப்போய்விட்டாராம், ரூபினி காதோடு சொன்னாள்.

"என்னா, நல்லசாமி இருமுற சத்தத்தக் காணோம்?" என்றார் சேது.

"அவருக்கு நேரம் மாத்திட்டாங்க" என்றேன்.

அந்த வாயோடு நாவலைத் திறந்தால், அதில் தையல்காரி தூக்கு மாட்டிக்கொள்கிறாள். இவர்களுக்கு யாரையும் கொல்லாமல் ஒரு புத்தகத்தை முடிக்கத் தெரியாதா? அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, அவளை ஈப்போவுக்குப் பஸ் ஏற்றி அனுப்பினேன். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பழுதானதைப் பொறுக்கித் தூக்கிப் போடுவதுதான் என் வேலை. கை பழகிவிட்டது.

சேது சிரித்த மாதிரி இருந்தது.

24 மே

இன்னொரு நாவல். காணாமல் போன மகன் பிணமாகக் கிடைக்கிறான். நான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன்.

18 ஜூன், புதன்

பெரிய மருத்துவமனை. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இருதயம் கால் பங்குகூட வேலை செய்யவில்லையாம். அறுவை சிகிச்சை தாங்காது. ஒரு வருடம் என்பதே அதிகம். எல்லாம் ஆங்கிலத்தில் கடிதமாகக் கையில் கொடுத்தார்.

காரில் ஏறியதும் சேது, "என்னா எழுதியிருக்கு? படி" என்றார்.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள், டிசம்பரில் வந்து காட்டச் சொல்கிறார்கள் — தமிழில், வரி வரியாக, படிப்பதுபோல் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. நான் எப்போது இப்படி ஆனேன்?

19 ஜூன்

கடிதத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கண் தெரியாதவரிடம் எதற்கு ஒளிக்கிறேன்?

6 செப்டம்பர்

இப்போது படிப்பது 'அலைக்கதவு'. கோலசிலாங்கூர் பக்கம் கடலோரத் தோட்டமொன்றில் தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் கதை. தோட்டத்துத் தண்ணீர் பெரிய குழாய் வழியாகக் கடலுக்குப் போகும். அலை ஏறினால் குழாய் முனைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு உப்புத் தண்ணீரைத் தடுக்கும். சேதுவின் அப்பா பார்த்ததும் அதே வேலைதான். இவ்வளவு ஆசையாக அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கோ பயம். கடைசிப் பக்கங்களை முன்னாடியே பார்த்துவிட்டேன்.

13 செப்டம்பர்

கதவில் சிக்கிய மரத்துண்டை எடுக்க அந்த ஆள் குழாய்க்குள் இறங்குகிறான். மரம் வந்துவிடுகிறது. அலை கதவைச் சாத்திவிடுகிறது. பின்னால் வரும் தோட்டத்துத் தண்ணீர் குழாயை நிறைக்க, உள்ளேயே சாகிறான். அதுதான் புத்தகத்தில் இருப்பது. நான் படித்தது: கதவைத் தள்ளித் திறந்துகொண்டு கரையேறினான்.

சேது தலையை என் பக்கம் திருப்பினார்.

"எத்தன பேரு தள்ளுனாங்க?"

"அவன் மட்டுந்தாங்க."

"அல ஏறுற நேரத்துல அந்தக் கதவ பத்து ஆளு தள்ளுனாலும் அசையாது. எங்கப்பாகூட நின்னு பாத்தவன் நானு. எழுதுனவனுக்கு அந்த எடம் தெரியும், இவ்ளோ நேரம் ஒரு தப்பு வுடல. அவன் செத்துட்டான், இல்ல?"

புத்தகத்தை மூடிவைத்தேன். அவர் கேட்டார்:

"அந்த ஆஸ்பத்திரிக் கடுதாசியையும் இப்பிடித்தான் படிச்சியா?"

14 செப்டம்பர்

கடிதத்தைப் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று கேட்டார். ஜூன் என்றேன். "மூணு மாசம்" என்றார். "என் கதைய திருத்துறதுக்கு நீ யாரு பிரேமலா?"

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவி நான். அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தேனா, இல்லை எனக்குத்தான் பயமா?

27 செப்டம்பர்

இரண்டு வாரமாகப் பேச்சில்லை. இன்று படுத்ததும், "மாத்துனது எத்தன?" என்றார். மூன்று.

"மூணையும் திரும்பப் படி. சரியாப் படி."

5 அக்டோபர், ஞாயிறு

கோலசிலாங்கூர் போய் வந்தோம். அப்பாவின் தண்ணீர்க் கதவு துருப்பிடித்து நிற்கிறது. சேது அதைத் தடவிக்கொண்டே நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கரையில் நடந்தார். அதுவே எனக்குப் போதும்.

15 நவம்பர்

மூன்றையும் படித்து முடித்தேன். தையல்காரி செத்தபோது நான்தான் அழுதேன். பட்டியல் சொன்னார், எழுதிக்கொண்டேன். முதலிடம் 'அலைக்கதவு'. "நீ வச்ச முடிவு மட்டம் லா" என்றார். சிரித்தார். நான்கு நாவல்கள்தான். ஐந்தாவதை வாசகர் வட்டத்து நாராயணசாமி சாரிடமே சொல்லிக்கொள்வாராம்.

29 நவம்பர்

இன்று நிலையத்துக்குப் போகவில்லை. சேது தூங்குகிறார்.

20 டிசம்பர்

வாசகர் வட்டம். வட்டத்தை நடத்தும் நாராயணசாமி சார் கூப்பிட்டதால் போனேன். நான்கு பெயர்களை வாசித்தேன். பிறகு அவர் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். அதில் பதிவான சேதுவின் குரல்.

"அஞ்சாவது, தையல்காரி ஈப்போவுக்குப் போற நாவலு."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ தூக்கு மாட்டிக்குவாளேம்மா? சேது மறந்துட்டாரா?" என்றார் சார்.

அவர் மறக்கவில்லை, ஈப்போவுக்கு அனுப்பியது நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். புத்தகத்தில் அவள் சாகிறாள் என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். இதிலும் ஒரு பக்கத்தை மாற்றித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 29, சனி, காலை ஆறே முக்காலுக்கு சேது இறந்துபோனார்.