அந்தப் படத்தில் இருப்பவள் நீ அல்ல

என் பெரியக்கா பொன்னுத்தாய்க்கு,

பதினான்கு வயதில் போய்விட்ட உனக்கு, எழுபத்தைந்தைத் தாண்டிவிட்ட உன் தங்கை எழுதுகிறேன். இந்த வயதில் உன்னை அக்கா என்று கூப்பிட எனக்கே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் முறை முறைதான்.

முதலில் ஒரு திருத்தம். இந்தத் தை மாதம் வீட்டுச்சாமி கும்பிட்ட அன்று, உன் படத்தை நான் தூக்கி எறிந்து உடைத்ததாகப் போடியில் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் தேவாரம் ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்து, "கான்வென்ட்ல படிச்சவளுக்கு நம்ம சாமி எப்படி ஆகும்?" என்கிறார்களாம். இரண்டும் தவறு. படம் உடையவில்லை. ஆணியிலிருந்து கழற்றித் தம்பியின் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். கன்னியாஸ்திரிகள் எனக்கு நல்ல கையெழுத்தையும், தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுச்சாமியை விட்டுவிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. நீ போன பிறகு தொடங்கியதுதானே? கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குச் சாமி. உள்ளறை மூலையில் உனக்கு ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு தையிலும் அதிலிருந்து போன வருடத்துப் பாவாடை சட்டையை எடுத்து நம் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்தக் கொடுப்போம். புதுத் துணி, வளையல், ரிப்பன் வைத்துப் பணியாரம் படைப்போம். துணி எடுப்பது என் பொறுப்பு. எங்கள் எல்லோருக்கும் உடம்பு பெருத்து, இளைத்து, கூனிவிட்டது. உனக்கு மட்டும் அதே அளவுதான்.

உன் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அம்மா நம்பினாள். எடுக்காமலேயே குறைந்தது.

இப்போது புதிதாக வந்திருப்பதைச் சொல்கிறேன். ஏஐ என்கிறார்கள். உலகத்தில் உள்ள படங்களையெல்லாம் பார்த்துப் பழகிய கணினி. என்ன படம் வேண்டும் என்று எழுதினால் போதும், காப்பி ஆறுவதற்குள் வரைந்து நீட்டும். நான் அதைத் தொட்டது ஆசையால் அல்ல. நம் தம்பி சுந்தரத்தின் மகன் முருகேசன் ஏலக்காயைச் சின்னச் சின்ன டப்பாவில் அடைத்து விற்கிறான். டப்பாவில் ஒட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அவன் மனைவி கலா கைக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"பெரியம்மா, நீங்கதான் இங்கிலீஷ்ல வெளாசுவீங்கள்ல. இதுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. என்ன அடிச்சாலும் ஏலக்காயைத் திராட்சை மாதிரி தொங்க விடுது."

பார்த்தேன். கொடி கொடியாய்த் தலைக்கு மேல் ஏலக்காய்க் கொத்துகள் தொங்கின.

"இந்தப் படத்தை ஒட்டி வித்தா மலைக்காரன் காறித் துப்புவான் அத்தே," என்றான் முருகேசன்.

உட்கார்ந்து எழுதினேன். ஆளுயரச் செடி. பெரிய மரங்களின் நிழல். மஞ்சள் செடி போன்ற நீண்ட இலை. காய் உச்சியில் இல்லை, தூரில், மண்ணை ஒட்டி ஓடும் மெல்லிய தண்டுகளில். அடுத்த படத்தில் யாரோ மூட்டையைக் கொட்டியதுபோல் செடியடியில் காய் குவிந்து கிடந்தது. திராட்சை வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன். திராட்சை என்ற சொல்லைக் கண்டதுமே இன்னும் இரண்டு கொத்து சேர்த்துக்கொண்டது. வேண்டாததை அதனிடம் சொல்லக் கூடாது, வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்கவும் கூடாது. ஒரு படத்தில் ஒரு பிழையைத் திருத்தி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். தமிழ் எழுதச் சொன்னால் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்குகிறது, ஓர் எழுத்தும் தேறாது. பெயரைக் கலா தனியாகச் சேர்த்தாள்.

ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நான் ப்ளீஸ் போடுவதைப் பார்த்து, "அதென்ன உங்க ஸ்கூல் சிஸ்டரா பெரியம்மா?" என்று கேட்டாள். கேட்கும் விதத்தில் கேட்பது என் பழக்கம், எதிரே இருப்பது எதுவானாலும்.

ஏலக்காய் ஒருவழியாக மண்ணுக்கு வந்துசேர்ந்தது. அதன் பிறகு சொந்தத்தில் யாருக்குப் படம் வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். காதுகுத்து அழைப்பிதழுக்குக் குரங்கணி மலையில் காலைப் பனி கேட்டால், அது காஷ்மீர்போல் பனிக்கட்டியை அப்பி வைத்தது. மலையில் புகைபோல் தவழும் மஞ்சு என்றால் என்ன என்று அதற்கு விளக்கி எழுதினேன். மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. எத்தனை முறை திருத்தச் சொன்னாலும் எதிர்த்துப் பேசாத ஒன்று இந்த வீட்டில் அதுதான்.

பொங்கலுக்குச் சில வாரங்கள் முன்பு தம்பி வந்தான். நீ போனபோது சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தவன். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

"சின்னக்கா, சோலியா இருக்கியா?"

"உக்காரு. என்ன விசயம்?"

"பெரியக்கா மொகத்தைப் போட்டுத் தருமா இது?"

"போட்டோ இருந்தாத்தான?"

"ஏலக்காய்க்கு மட்டும் போட்டோவா குடுத்த? சொல்லிச் சொல்லித்தான வாங்குன. நீ பாத்திருக்கேல்ல, சொல்லு அதுகிட்ட. வருசா வருசம் ஒரு பெட்டியப் பாத்துக் கும்புடுறேன்க்கா. ஒரு மொகம் வேணும்."

நியாயமான கேள்வி. உன்னைப் பார்த்த நினைவு உள்ளவர்களில் நம் வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். எழுதத் தொடங்கினேன்.

கறுப்பு என்று எழுதினால் மெருகு போட்ட சிலை போல ஒருத்தி வந்தாள். அம்மைத் தழும்பு என்றால், அழகுக்கு வைத்துக்கொண்டதுபோல் கன்னத்தில் இரண்டு மச்சம். மேல்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருக்கும் என்று எழுதினேன். பற்பசை விளம்பரம்போல் வரிசையாகப் பல் வைத்தது. அழுத்தி எழுதியதும் கோரைப்பல் முளைத்துவிட்டது.

"சாமியப் பேயாக்கிப்புட்டீங்களே பெரியம்மா!" என்று கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன்னை நினைத்து நானும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பாய்.

பல நாள் இப்படிப் போனது. ஒருநாள் தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். திரையில் மல்லிகைச் சரம் வைத்து, உதட்டை மூடிக்கொண்டு, பெரிய கண்களோடு ஒரு பெண். கோரைப்பல்லுக்குப் பயந்து வாயை மூடச் சொல்லியிருந்தேன்.

"இதுதான்," என்றான்.

"இல்லடா. இவ இல்ல."

"எனக்குத் தெரியும்க்கா. மனசு சொல்லுது."

"உனக்கு அவ மொகம் நெனவே இல்லியே. மனசுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கேட்கவில்லை. முருகேசனைக் கூப்பிட்டு, "வெரசாப் போயி பெருசாப் போட்டுக் கண்ணாடி மாட்டிக் கொண்டா," என்றான். வீட்டில் விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஓலைப்பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள்.

கும்பிடும் நாளில் உள்ளறை கொள்ளாத கூட்டம். "அப்படியே நம்ம ஆத்தா சாயல்!" என்றாள் ஒருத்தி. "மூக்கப் பாரு, நம்ம வகையறா மூக்கு," என்றார் ஒருவர். அந்த மூக்கு எந்த வகையறாவுக்கும் சொந்தமில்லை என்று எனக்குத்தானே தெரியும்? எல்லோரும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே நின்றபடி மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பினார்கள். நம்ம கன்னிச்சாமி என்று எழுதி அனுப்பினார்கள்.

சூடம் காட்டினார்கள். கண்ணை மூடினேன். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் நீ வருவாய். மேல்பல் தெரியச் சிரிப்பாய், ஒரு கண் கொஞ்சம் சுருங்கும். அன்றைக்கு வந்தவள் மல்லிகைச் சரம் வைத்தவள். கண்ணைத் திறந்து மறுபடி மூடினேன். மறுபடியும் அவளே.

பயந்துபோனேன், அக்கா. உன் முகம் இருந்தது என் ஒருத்தியின் தலைக்குள்தான். அதன்மேல் இன்னொருத்தியின் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தது நானேதான், நாள்தோறும், ப்ளீஸ் போட்டு.

எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினேன். தம்பி கையில் கொடுத்தேன்.

"என்னக்கா இது? சாமிப் படத்தை நடுவுல கழட்டலாமா?"

"இது அவ இல்லடா."

"உனக்கு மட்டும்தான் அக்காவா? நீ பாத்துட்ட. உன் கண்ணுக்குள்ள வச்சுக்கிட்ட. எனக்கு என்ன இருக்கு? வெறும் பெட்டி. உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாமா?"

ஒரு கையில் படம். இன்னொரு கையால் தன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் அவன் அப்படித்தான் செய்வான், எப்போதுமே. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படம் போடும் கணினிக்கு எத்தனையோ பக்கம் எழுதியும் ஒருமுறைகூட என் நினைவுக்கு வராத ஒன்று வந்தது.

"அவ காதை நீதாண்டா அறுத்த," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. புரியாதுதான். நீ சாமியான நாளிலிருந்து அம்மா உன்னைப் பற்றி வீட்டில் பேச விட்டதே இல்லை. நீ கொய்யா திருடியதையோ, என்னைக் கிள்ளியதையோ நான் சொல்ல வாயெடுத்தால், "சாமியப் பத்தி அப்படிப் பேசக் கூடாது" என்று வாயைப் பொத்துவாள். உனக்குப் பாவாடை வைத்தோம், பணியாரம் வைத்தோம், உன்னைப் பற்றிப் பேச மட்டும் ஒருவரையும் விடவில்லை. சாமிக்குக் காது அறுந்திருந்தது என்று இவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தெருமுனையில் நீ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். மலைக்கு லோடு ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று ஹாரன் அடித்தது. பயந்துபோய் அவன் கையில் அகப்பட்டதைப் பற்றி இழுத்தான், உன் இடது காதுத் தோட்டை. காதுநுனி இரண்டாகப் பிளந்துவிட்டது. சட்டையெல்லாம் ரத்தம். நீ அவனைத் தூக்கிக்கொண்டே வீடுவரை வந்தாய். அவனை அம்மா கையில் கொடுத்த பிறகுதான் அழுதாய். காயம் ஆறியும் காது ஒட்டவில்லை. வேறு இடத்தில் குத்திக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் காமாலை வந்துவிட்டது.

தம்பி தன் காதிலிருந்து கையை எடுத்தான். காதைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன்.

"என்னையத் தூக்கிருக்காளா?" என்று கேட்டான்.

"எந்நேரமும் அவ இடுப்புலதான் இருப்ப."

"காது பிஞ்சப்பவும் கீழ போடலையா என்னைய?"

"போடலை."

கையிலிருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தான். மல்லிகைச் சரத்துக்குக் கீழே இரண்டு காதும் முழுசாக இருந்தன, ஜிமிக்கியோடு. "கலா, இத உள்ள கொண்டு போயி வையி," என்றான். "இது வேற யாரோ பிள்ளை."

நடந்தது இவ்வளவுதான். ஊர் இதை எப்படியெல்லாம் மாற்றிக்கொண்டதோ, எனக்குத் தெரியாது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தம்பி வருகிறான். உன்னைப் பற்றி ஏதாவது கேட்கிறான். போன வாரம், நீ அவனுக்கு என்ன செல்லப்பெயர் வைத்திருந்தாய் என்று கேட்டான். தவளை என்று சொன்னேன். எழுபதை நெருங்குகிறவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கலா இப்போது மாமனாரை மறைவில் அப்படித்தான் சொல்கிறாள்.

படம் போடுவதை நான் நிறுத்தவில்லை. செடி, மலை, ஜீப்பு, சந்தை எல்லாம் கேட்கிறேன். தவறாகத் தந்தால் திருத்துகிறேன். எது தவறு என்று எதிரே நிற்கும் செடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உன் முகத்துக்கு அப்படி எதிரே வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. அம்மைத் தழும்பு உனக்கு எந்தக் கன்னத்தில்? முன்பு சட்டென்று சொல்லியிருப்பேன். அந்தப் படங்களில் எல்லாம் வலது கன்னத்தில் வந்தது. இப்போது நானும் உன்னை வலது கன்னத்தில் தழும்போடுதான் பார்க்கிறேன். அது நினைவா, அந்தக் கணினி போட்டதா? நீயாவது சொல்லேன்.

இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி உன் முகத்தை எதனிடமும் வரைந்து தரும்படி கேட்க மாட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் தம்பிக்குச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

அக்கா, கடைசி வரிகள் உனக்கல்ல, இதைப் படிக்கிறவர்களுக்கு. போடியில் எங்கள் பொன்னுத்தாயோடு படித்தவர்கள், விளையாடியவர்கள், தெருவில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அவள் முகத்தைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை, நான் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் சரி, எழுதுங்கள். படம் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதம் வெளியாகும் இதழின் முகவரிக்கு எழுதினால் எனக்கு வந்துசேரும். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பொன்னுத்தாயின் தங்கை
கனகம்