பின்வாசல் லட்சுமி

சிந்துபூந்துறை ஸ்டோர்ஸ்,
பாண்டி பஜார், சென்னை-17
21.2.1995

தீயணைப்பு நிலைய அதிகாரி அய்யாதுரை அவர்களுக்கு,

மச்சான் என்று ஆரம்பிக்கத்தான் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன். நேற்று காக்கிச் சட்டையில் என் கடைக்குள் வந்தவர் என் மச்சான் இல்லையே.

மாசி முகூர்த்தக் கூட்டம். பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் பட்டு விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உங்கள் தங்கை பேச்சியம்மாள் கையால் மோர் வாங்கிக் குடித்தீர்கள். வாயைத் துடைத்தீர்கள். அந்த ஈரக் கையோடு எனக்கு நோட்டீஸ் நீட்டினீர்கள். பின்படியில் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதாம், பின்வாசல் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருக்கிறதாம், தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு வழி இல்லையாம். இதைக் கேட்டதும் பெண்ணின் தகப்பனார் கூறைப்புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன். ஒரு பொறி பறந்ததில்லை. இந்தத் தெருவில் பின்படியில் மூட்டை போடாத கடை ஒன்று காட்டுங்கள். ஊரெல்லாம் விட்டுவிட்டுத் தங்கை புருஷன் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டுமா?

இனி உங்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. எதுவானாலும் எழுத்தில்தான்.

இப்படிக்கு,
மா. மாணிக்கவாசகம்


தீயணைப்பு நிலையக் குடியிருப்பு,
சென்னை
25.2.1995

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமே விழைகிறேன். பேசமாட்டீர்கள், எழுதுவீர்கள் என்றால் எனக்கு லாபம்தான். நீங்கள் பேசினால் நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததுண்டா?

வரும் ஏப்ரல் பதினாலு முதல் தீத்தொண்டு வாரம். அதற்கு மலர் போடுகிறோம். நிலையத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில். பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிப் படிக்கிறேன். டெலிபோன் அதிகம் இல்லாத காலத்தில் ஆள் சைக்கிளில் வந்து சொல்லித்தான் வண்டி கிளம்பியிருக்கிறது. அப்படியும் மணி அடித்த நிமிஷத்தில் வண்டி வாசலைத் தாண்டியிருக்கிறது. கோபாலபுரத்தில் கிணற்றில் விழுந்த பசுவை ஆறு பேர் இரண்டரை மணி நேரம் போராடித் தூக்கியிருக்கிறார்கள். 'பசு நலம். முன்னணித் தீயணைப்போனுக்கு உதை' என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறார்!

நேற்று மயிலாப்பூரில் சிலிண்டர் பாதுகாப்புச் செய்முறை. தீப்பற்றினால் ஈரச்சாக்கைப் போட்டு மூட வேண்டும் என்று காட்டினேன். ஜானு மாமி என்று ஆசாரம் பார்க்கிற ஒருவர், "ஏன் சார், சாக்கு மடி இல்லையே, தளிகை உள்ளுக்குள்ள எப்படிக் கொண்டு வருவேன்?" என்று கேட்டார். நம் டிரைவர் ஹனீஃபா, "நனைச்சிட்டா மடிதானே மாமி?" என்றான். மாமி தலையாட்டி, "அதுவும் சரிதான்" என்று சாக்கை வாங்கித் தானே தீயை அணைத்துக் காட்டினார். கைதட்டல் அடங்கவில்லை.

ஊரை விட்டு உங்களைப் பிடித்தேன் என்கிறீர்கள். அந்தத் தெருவில் நாற்பது கடைக்கு நோட்டீஸ் கொடுக்கப் போகிறேன். முதலில் தங்கை புருஷனுக்குக் கொடுக்காவிட்டால் மற்றவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? கடையில் ஒரே ஒரு ஒத்திகை வையுங்கள். காலையில், கடை திறப்பதற்கு முன்பு. அது போதும்.

அன்புடன்,
அய்யாதுரை


சென்னை-17
6.3.1995

மச்சான் அவர்களுக்கு,

மூட்டைகளை எடுத்தாயிற்று. உங்களுக்காக இல்லை. உங்கள் தங்கை பத்து நாளாகக் குழம்பில் உப்புப் போடவில்லை.

ஆனால் பூட்டு பூட்டுதான். சேலைக்குள் சேலை சுற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப்போன மகராசிகள் உண்டு. சாவியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கல்லாவுக்குப் பின்னால் லட்சுமி படத்தின் காலடியில் இருக்கிறது. கடைச் சாவி எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும், முதலாளி கை தவிர வேறு கை படக்கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம். வழக்கம் தவறாததால்தான் கடை நிற்கிறது.

ஒத்திகையை 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் என் கடையில் தீ என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

மாணிக்கவாசகம்


சென்னை-17
14.3.1995, பிற்பகல்

அய்யாதுரை அவர்களுக்கு,

இன்று நீங்கள் செய்தது மனிதர் செய்கிற காரியமா?

முதலாளி காஞ்சிபுரம் கொள்முதலுக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம் என்றீர்கள். தெருமுனை டீக்கடையில் உட்காரவைத்தீர்கள். உட்கார்ந்தேன். முன்படி எரிகிறது, எல்லோரும் பின்வாசலுக்குப் போங்கள் என்று விசில் ஊதினீர்கள். பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். சுப்பம்மா பத்தொன்பது வருஷமாகப் பட்டுப் பிரிவில் இருக்கிறாள். அவள் முன்படி இறங்கி லட்சுமி படத்துக்கு முன்னால் நின்று, சாவியை எடுக்காமல் கும்பிட்டுவிட்டு, என்னைத் தேடி டீக்கடைக்கு ஓடிவந்தாள். "மொதலாளி கையாலதான எடுக்கணும், வாங்கய்யா" என்றாள். நான் வந்து சாவியை எடுத்துச் சந்து வழியாகச் சுற்றிப்போய்க் கதவைத் திறக்க ஒன்பது நிமிஷம் ஆயிற்று. ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக உங்கள் நோட்டில் 'உயிர்ச்சேதம்' என்று கோடு போட்ட இடத்தில் பென்சிலால் '26' என்று எழுதுவீர்களா? சுப்பம்மா என் கண்ணெதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்! எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடைப் பெண் மல்லிகா அழுதேவிட்டாள். புதுவருஷம் பிறக்கப்போகிற நேரத்தில் என்ன அபசகுனம் இது? அந்த எண்ணை அழியுங்கள். அழித்துவிட்டு எழுதுங்கள்.

மாணிக்கவாசகம்


நிலையக் குடியிருப்பு
17.3.1995

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுப்பம்மா முன்படி வழியாகத்தானே வந்தாள்? முன்படிதான் எரிகிறது என்று சொல்லியிருந்தேனே. அதனால்தான் அவளையும் சேர்த்தேன்.

உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பேச்சிக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வடசென்னையில் ஒரு பஞ்சுக் கிடங்கு. பின்கதவில் பூட்டு. முதலாளி தெருவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. பதற்றத்தில் அவருக்கே அது நினைவில்லை. பூட்டை வெட்டியவன் நான். வெட்டி முடித்தபோது உள்ளே நான்கு பேருக்கு அந்தக் கதவு தேவைப்படவில்லை. அவரும் நல்ல மனிதர்தான் மாப்பிள்ளை. வேலையாட்களுக்குத் தீபாவளிக்கு இரண்டு வேட்டி கொடுப்பவர். அவரை மறந்திருந்தால் நான் உங்கள் கடையில் மோரோடு திரும்பியிருப்பேன்.

எங்கள் பதிவேட்டில் அந்தப் பத்தியில் 'இல்லை' என்று எழுதுகிற நாளில் எனக்குச் சோறு இறங்கும். இருபத்தாறைப் பென்சிலில் எழுதியது அழிக்க ஆசைப்பட்டுத்தான். ரப்பர் உங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
அய்யாதுரை


சென்னை-17
15.4.1995

மச்சான் அவர்களுக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை.

சாவி லட்சுமியின் காலடியை விட்டு நகரக்கூடாது என்பது அப்பாவின் வழக்கம். அதை மீற எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேற்று, வருஷப் பிறப்பன்று, நல்ல நேரம் பார்த்து லட்சுமியையே எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். சாவியும் கூடவே போய்விட்டது. பூஜை முடிந்ததும் விளக்கைக் குளிரவைத்துவிடுகிறோம். அதையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

கை விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. இருபத்தாறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் கையிலும் சாவியைக் கொடுத்து, பூட்டைத் திறந்து மூடச் சொன்னேன். சுப்பம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "யாத்தே, எனக்கு வேண்டாம்யா" என்றாள். "இனிமே இது உன் கையும்தான்" என்றேன். இனிப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். நான் இல்லாமல்.

உங்கள் மலர் கிடைத்தது. உதைபட்டவர் கதையைப் பேச்சியம்மாள் மூன்று முறை படித்தாள். பேச்சு இன்னும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

மாணிக்கவாசகம்


(சிந்துபூந்துறை ஸ்டோர்ஸ் பில் தாளின் பின்பக்கம்)
5.8.1995

மச்சான்,
ஆட்கள் 26, எல்லோரும் வெளியே. ஆடிக் கூட்டம் முழுவதும் வெளியே. மூன்று மாடியும் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கியவன் நான். உள்ளே ஒருவரும் இல்லை.
மா.


நிலையக் குடியிருப்பு
6.8.1995, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஒரு விசித்திரமான மனிதர். கடை முன்புறம் எரிகிறது, புகை தெருவை மூடுகிறது, நான் வண்டியிலிருந்து குதித்து "உள்ள எத்தனை பேரு?" என்று கத்துகிறேன். பேச்சு கிடையாது என்று சபதம் செய்தவர், பில் புத்தகத்தில் தாள் கிழித்து எழுதி நீட்டுகிறார்! கை நடுங்காமல் தேதி வேறு போட்டிருக்கிறார்.

அதைப் படித்த பிறகு நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. வண்டிக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் நின்றேன். ஹனீஃபா வந்து, "இன்னா சார், உள்ள ஆளே இல்லியாமே, அழுதுகினு நிக்கிறே?" என்றான். புகை என்றேன். "புகை அந்தாண்ட போய்க்கினு கீது சார்" என்றான். போடா என்றேன்.

தீயைப் பதினைந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டோம். கல்லாவும் முன்படியும் போயின. தீ எங்கே ஆரம்பித்தது என்று அறிக்கைக்காக இன்று காலை மறுபடி வந்து பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் போர்டு. அதற்கு நேர் கீழே, சுவரில் ஓர் ஆணி மட்டும் கறுத்துப்போய் நிற்கிறது. லட்சுமி படம் மாட்டியிருந்த ஆணி.

சுப்பம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். "புகையக் கண்டதும் சாவிய எடுத்தேன்யா. மொதலாளியத் தேடல. கும்பிடக்கூட இல்ல" என்று குற்றம் செய்தவள்போலச் சொன்னாள். கும்பிடாமல் எடுத்ததற்காக அவளுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்.

இத்தனை வருஷ சர்வீஸில், காப்பாற்ற ஆள் இல்லாமல் நாங்கள் கை பிசைந்து நின்றது இதுதான் முதல் தடவை. நிலையத்தில் எல்லோருக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. தெருவில் மீதி முப்பத்தொன்பது கடைக்காரர்களும் இன்று காலை தாமாகவே வந்து ஒத்திகைக்குத் தேதி கேட்கிறார்கள். உங்கள் கடையைச் சுட்டிக்காட்டி இனி ஆயுசுக்கும் பேசுவேன்.

என் நோட்டில் இருந்த இருபத்தாறை அழித்துவிட்டேன். பதிவேட்டில் உயிர்ச்சேதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று மையால் எழுதினேன். நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அன்புடன்,
அய்யாதுரை


சென்னை-17
8.8.1995

அன்புள்ள மச்சானுக்கு,

கல்லாவைப் புதிதாகச் செய்யத் தச்சர் வந்துவிட்டார். லட்சுமியைப் பழைய இடத்துக்கே கொண்டு வரலாமா என்று கேட்டார். வேண்டாம், அவள் பின்வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை உங்களிடம் பேசாமல் எழுதிக் கொடுத்தேன் என்று கேலி செய்கிறீர்கள். உண்மை அது இல்லை. வாயைத் திறந்தேன் மச்சான். குரல் வரவில்லை. மூன்றாம் மாடியில், யாரும் இல்லாத தளத்தில், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கிவந்தவன் நான். நீங்கள் பென்சிலில் எழுதிய எண் கண்ணை விட்டுப் போகவே இல்லை. தெருவில் சுப்பம்மா எண்ணி முடித்து "இருபத்தாறு சரியா இருக்குய்யா" என்று சொன்ன பிறகு கையிலிருந்த பில் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மட்டும்தான் வேலை செய்தது.

ஞாயிறு மதியம் சாப்பாடு இங்கே. ஹனீஃபாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் தங்கை உப்புப் போட்டே சமைக்கிறாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நானும் இனி எழுதப்போவதில்லை. ஆறு மாதப் பேச்சு பாக்கி இருக்கிறது, காலையிலேயே வந்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
மாணிக்கவாசகம்