வயிற்றுக்குள் தர்பூசணி

மஸ்கட், 2009

அன்புள்ள எழிலரசிக்கு,

நெல்லிக்குப்பத்தில் நீயும் அம்மாவும் சுகமா? நான் சுகம், வயிறுதான் தனிக்குடித்தனம் கேட்கிறது.

உடம்பில் ரத்தம் குறைகிறதென்று ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் உள்சுவரில் சின்ன ரத்தக்குழாய்கள் தர்பூசணிக் கோடுகள்போலப் புடைத்துக் கசிகின்றனவாம். பக்கத்திலேயே ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெருகியிருக்கின்றன. எதிர்வீட்டுக் கொளஞ்சி மாதிரி அவைதான் மூட்டிவிடுகின்றனவோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

கசிவைச் சுட்டு அடைக்குமுன் உறவுக்காரர் கையெழுத்து கேட்டார்கள். என் அறையில் தங்கியிருக்கும் சார்லஸ், "நான்தாங்க இவுரு மச்சான், எங்க போடணும்?" என்று போட்டுவிட்டான். சிதம்பரத்து உன் அண்ணனிடம் சொல்லாதே, பதவி பறிபோனதென்று கோபிப்பார்.

முருங்கைக்கீரைப் பொடி அனுப்பு. பொட்டலத்தின்மேல் உன் கையாலேயே பெயர் எழுது.

கசிவு நின்றால் வேலை நிலைக்கும். நிற்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். எதை வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீயே சொல். கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்
தமிழ்மணி