டேஷ்போர்டில் கியர்

புதன், ஐப்பசி 12

என் ஜீப்பு பட்டறையில் கிடக்கிறது. மலையடிவாரத்தில், முந்தலில் என் மனைவி செல்வியும் நானும் பஸ்சுக்கு நின்றபோது, ஜப்பான் வேனை ஓட்டி வந்த ஒரு பெண், "அண்ணே, மலையேத்தம் பயமா இருக்கு. மேல மெட்டு வரைக்கும் ஓட்டுறீங்களா?" என்றாள்.

ஏறினால் தரையில் கியரே இல்லை! டேஷ்போர்டில் முளைத்திருந்தது. தொட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது. முன்சீட்டில் மூன்று பேரும் தாராளமாக உட்கார்ந்தோம், செல்வி நடுவில்.

முதல் வளைவில் பழக்கதோஷத்தில், "செல்வி, கால ஒதுக்கு" என்றேன்.

"எதுக்கு? இங்கன ஒண்ணுமில்லையே" என்று காலை நீட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் ஜீப்பில் கியருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் ஏலத்தோட்டத்துக்கு வருகிறாள். நடுவில் உட்காருகிறவளின் முழங்காலை எங்கோ ஒருவன் நினைத்துப் பார்த்து வண்டி செய்திருக்கிறான். நானோ அவள் முழங்கால் வலிக்கு மலைக்குளிரைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.