ஐந்தாவது கறுப்புத் துணி

என் ராஜத்துக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இந்தப் பத்திரிகையில் நான் தவறாக எழுதியதற்கெல்லாம் மறுநாளே திருத்தம் போட்டிருக்கிறேன். உன்னிடம் தவறாகச் சொன்னதற்குத் திருத்தம் போட வேறு இடம் தெரியவில்லை. வீட்டு விஷயத்தை ஊர் படிக்க எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போன நம் மகள் கவிதா உனக்குக் கொண்டுவந்தது ராட்சதப் பூசணி விதை. ஐந்தில் ஒன்றுதான் முளைத்தது. ஆய்வுக்கூடத்தில் இயந்திரப் படம் வரைந்து ஓய்வு பெற்றவள் நீ. மாரெட்பள்ளி வீட்டுக் கொல்லையில் கொடி எப்படி ஓடவேண்டும் என்பதற்கும் ஒரு படம் வரைந்தாய். நடுவில் தலைக்கொடி, இரு பக்கமும் மீன்முள் போலக் கிளைக்கொடிகள். கிளையில் கிளைப்பதை விரல் நீளத்திலேயே கிள்ளி எறிந்தாய். கணுக்களின் மேல் மண் அணைத்து அங்கேயும் வேர்விட வைத்தாய். எட்டுப் பிஞ்சில் ஏழைப் பறித்துக் கூட்டு வைத்தாய்.

"எல்லாத்துக்கும் சோறு போட்டா ஒண்ணும் பெருசாகாதுங்க" என்றாய். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு காயைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை.

ஆவணியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "வெட்டவேண்டிய கொடியில கறுப்புத் துணி கட்டியிருக்கேன். மொத்தம் நாலு. ஊர்ச் செய்தியெல்லாம் சரியா எழுதுவீக, இதுல கோட்டை விட்டுராதீக." நோட்டில் 'நாலு' என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை எண்ணினேன். ஐந்து இருந்தது. முழங்கால் உயரத்துக்கு இலை; கொடியெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டிருந்ததால் தலை எது, கிளை எது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையென்றால் போன் போட்டுக் கேள் என்று எத்தனை நிருபர்களைத் திட்டியிருப்பேன்? நீ தூங்கிக்கொண்டிருப்பாய், ஒன்றை மறந்திருப்பாய் என்று நானே முடிவு செய்து ஐந்தையும் வெட்டினேன்.

பத்து மணிக்கு யாதம்மா பாத்திரம் தேய்க்க வந்தாள். கொல்லைக்குப் போனவள் தலையில் கைவைத்துக்கொண்டு, தெலுங்கு கலந்த தன் தமிழில் கத்தினாள்.

"அய்யோ சாரூ! அது நேனு கட்டினது! அம்மா காய்க்கு திஷ்டி படக்கூடாதுன்னு கட்டினது!"

பக்கத்து அபார்ட்மெண்டில் மாடிக்கு மாடி ஐ.டி. பிள்ளைகள் காபி கோப்பையோடு நின்று நம் காயையே பார்ப்பார்களே, அந்தக் கண்ணுக்காகக் கட்டினாளாம். வேருக்கும் காய்க்கும் நடுவே, தலைக்கொடியில்.

நீ மண் அணைத்த கணுக்கள் வேர்விட்டிருந்ததால் காய் சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. தையல் டேப்பில் அதன் சுற்றளவு நாற்பத்தொரு அங்குலம். மறுநாளும் நாற்பத்தொன்று. அதற்கு மறுநாளும். உன் இரண்டு கைக்குள் தாராளமாக அடங்கியிருக்கும், ராஜம்.

"இன்னைக்கு எம்புட்டுங்க?" என்று, நான் வெட்டிய அன்று மாலையே கேட்டாய். "நாப்பத்தி மூணு" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த முதல் பொய்க்கணக்கு அது. எவ்வளவு சுலபமாக வந்தது! பிறகு நாற்பத்தாறு, ஐம்பது, ஐம்பத்தெட்டு. படம் எடுத்து வரச் சொன்னாய். என் போனில் கேமரா இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

யாதம்மா உன்னைப் பார்க்க வந்தபோது வராந்தாவிலேயே மறித்துச் சொல்லிக்கொடுத்தேன். "நக்கோ சாரூ, அம்மாகிட்ட பொய் வேணாம்" என்றாள். கெஞ்சினேன். நீ கேட்டதும் அவள் இரண்டு கையையும் விரித்தாள், இன்னும் விரித்தாள். "இந்த பெத்ததி அம்மா! சாரால தூக்கவே முடியாது!"

"அவரு என்னையவே தூக்குனதில்ல, காயவா தூக்கப்போறாரு?" என்று இருமல் வரும்வரை சிரித்தாய். அதன்பிறகு உன் சிரிப்பை நான் கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாய். நம்பித்தான் சிரித்தாயா? எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தாயா?

பதினாறாம் நாளுக்குப் பிறகு யாதம்மா வேலைக்கு வரவில்லை. போன வாரம் கவிதா நாச்சாரத்தில் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, நம்ம வாசலை மிதிக்கவே மாட்டாளாம். சாகப்போற அம்மாகிட்ட பொய் சொன்ன பாவி நான்னு அழறா. நல்லாயிட்டிருந்தவங்க அதனாலதான் போயிட்டாங்களாம். என்ன பொய்ப்பா அது?"

நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் பொய்யை அவள் வாயில் வைத்து அனுப்பினேன், ராஜம். நான்கு மாதமாக அதை அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் நிம்மதியாக ஆபீஸ் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை கவிதாவைக் கூட்டிக்கொண்டு நாச்சாரம் போகிறேன். 'கேட்காமல் வெட்டியவன் நான், பொய் சொல்லச் சொன்னவனும் நான், உன்மேல் ஒரு பாவமும் இல்லை' என்று மகள் காதுபட யாதம்மாவிடம் சொல்வேன். அவள் கதவைத் திறக்கவில்லையென்றால் வாசலில் நின்று சொல்வேன். அவள் நம்பவில்லையென்றால் மறுநாளும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எந்நாளும் உன் வீட்டுக்காரன்,
சந்திரசேகரன்